மெய்க்கல் ஐயா கெமிஸ்ட்ரி லேபுக்கு வந்தார்

அந்த ஊரில் பொய் குறைந்துவிட்டது என்று யாரும் தப்புக்கணக்குப் போட வேண்டாம். மெய்க்கல் ஐயா வந்த பிறகு, மக்கள் கல்லுக்குக் கேட்காத தூரத்தில் நின்று பொய் சொன்னார்கள். அவ்வளவுதான் மாற்றம்.

மெத்தைக் கடைக்கு மேல் மாடியில் ஐயா குடியிருந்தார். கடை திறக்கும் முன்பே படிக்கட்டில் கூட்டம் நிற்கும். மெத்தைக் கடைக்காரர் முதலில் வாய்க்கு வந்தபடி திட்டினார். வரிசையில் நின்று கால் கடுத்தவர்கள் அவருடைய மெத்தைகளில் உட்கார்ந்து, உட்கார்ந்த வாக்கில் விலை கேட்டு, இரண்டொருவர் வாங்கவும் ஆரம்பித்ததும் அவருக்கும் பக்தி வந்துவிட்டது. "ஐயா சாதாரண ஆள் இல்லைங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். வியாபாரத்தைப் பெருக்கிக் கொடுத்தவர் சாதாரண ஆளாக எப்படி இருக்க முடியும்?

விஷயம் இதுதான். ஐயாவிடம் எலுமிச்சை அளவில் ஒரு நீலக் கல் இருந்தது. அதைச் சூடு காட்டி, சந்தேகப்பட்ட ஆளின் உள்ளங்கையில் வைப்பார். அந்த ஆள் "நான் செய்யலை" என்று சொல்ல வேண்டும். சொன்னது மெய் என்றால் கல் நீலமாகவே இருக்கும். பொய் என்றால் ரோஜா நிறத்துக்கு மாறிவிடும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாறும். இதைப் பார்த்துவிட்டு யாருக்குத்தான் புல்லரிக்காது?

மனைவிகள் புருஷன்மாரைக் கூட்டிவந்தார்கள். புருஷன்மார் மனைவிகளைக் கூட்டிவந்தார்கள். இருவரையும் சேர்த்துக் கூட்டிவந்த மாமியார்களும் உண்டு. துணிக்கடை முதலாளி ஒருவர் தன் சிப்பந்தியைக் கூட்டிவந்தார். கல் சிவந்தது, சிப்பந்திக்கு வேலை போயிற்று. நிச்சயமான ஒரு பெண்ணைக் கூட்டிவந்து "வேற யாரையும் நெனச்சதில்லை" என்று சொல்ல வைத்தார்கள். கல் சிவந்தது, கல்யாணம் நின்றது. கல் சிவந்த பிறகு அழுதால் "பாருங்க, குற்ற உணர்ச்சி" என்றது கூட்டம். அழாவிட்டால் "பாருங்க, நெஞ்சழுத்தம்" என்றது.

ஐயாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. கூட்டிவந்தவரை முதலில் தனியறையில் உட்காரவைத்து, கதவைச் சாத்திக்கொண்டு, மெதுவான குரலில் கேட்பார்: "உங்களுக்கு யார் மேல சந்தேகம்?" கல்லுக்கே தெரியுமே, எங்களை எதற்குக் கேட்கிறீர்கள் என்று ஒரு பிராணியும் திருப்பிக் கேட்டதில்லை. துப்பறிவதற்கு முன்பே விடையைக் கேட்டு வாங்கிக்கொள்கிற துப்பறிவாளரை உலகத்தில் அங்கேதான் பார்க்கலாம்.

சரி, மாடிப்படி ஏறியவர்கள் பாமரர்கள், படிக்காதவர்கள் என்று நீங்கள் பெருமூச்சு விடலாம். கொஞ்சம் பொறுங்கள். இந்தக் கல் போகவே கூடாத இடம் ஒன்று உண்டென்றால், அது கல்லூரியின் கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட். கல் அங்கேயும் போயிற்று. வெற்றிலை பாக்கு வைக்காத குறையாக அழைத்துப்போனவர் துறைத்தலைவர்.

துறைத்தலைவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் எண்முகி. அவர் முனைவர் பட்டம் வாங்கியது கோபால்ட் சேர்மங்களின் வடிவத்தையும் நிறத்தையும் ஆராய்ந்து. "கோபால்ட் அயனியை நடுவுல வைங்க. சுத்தி ஆறு பேரை உக்கார வைங்க" என்று ஆரம்பித்து, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, மேலே பார்த்து, கீழே பார்த்து, முன்னால் ஓரடி பின்னால் ஓரடி எடுத்துவைத்து, "ஆறு மூலை, எட்டு முகம், இதுதான் எண்முகி!" என்று முடிப்பார். வருஷா வருஷம் அதே ஆட்டம். பெயர் ஒட்டிக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை.

ஒரு நாள் கல்லூரியைப் பார்வையிட ஆய்வுக்குழு வந்தது. எண்முகி பல வருஷத்துக்குப் பிறகு வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, லேபில் நின்று, தானே ஒரு சோதனை செய்து காட்டினார். துறையிலேயே விலை உயர்ந்த சாமான் ஒரு சின்னப் பிளாட்டினக் கிண்ணம். அதில் ஒரு வெள்ளை வீழ்படிவை வைத்துச் செக்கச்செவேலென்று காய்ச்சினார். குழுவினர் தலையாட்டினார்கள். அதற்குள் சாப்பாடு தயார் என்று சேதி வந்தது. குழு ஓடியது, குழுவுக்கு முன்னால் எண்முகி ஓடினார். மறுநாள் தேடினால் கிண்ணத்தைக் காணோம்.

அலமாரி, இழுவறை, குப்பைக்கூடை எல்லாவற்றையும் கொட்டிக் கவிழ்த்தார்கள். பேராசிரியர்களின் பைகளைத் தவிர மற்ற எல்லாருடைய பைகளையும் சோதித்தார்கள். குழாயக்காவின் சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறந்து, சோற்றைக் கரண்டியால் கிளறிப் பார்த்தார்கள்.

குழாயக்கா என்பவர் லேபில் கண்ணாடிச் சாமான்களைக் கழுவுகிறவர். பீக்கர், பிப்பெட், பியூரெட் என்று நாள் முழுக்கக் குழாயடியில் நிற்பதால் அந்தப் பெயர். அவர் கழுவி வைத்த பீக்கரில் ஒரு சொட்டுக் கறை பார்த்தவர் கிடையாது. பல வருஷமாகத் தற்காலிக வேலை. நிரந்தரமாக்கும் உத்தரவு இப்போதுதான் தயாராகி கல்லூரி முதல்வரின் கையெழுத்துக்காக மேசையில் காத்திருந்தது. குடும்பம் அவருடைய சம்பளத்தில் ஓடியது. மகள் அதே கல்லூரியில் முதலாம் ஆண்டு படித்தாள்.

"சார், அந்தக் கிண்ணம் கழுவறதுக்கு எங்கிட்ட வரவே இல்லையே" என்றார் குழாயக்கா.

"எல்லாரும் இப்படித்தாம்மா சொல்வாங்க" என்றார் எண்முகி.

"எல்லாரையும் கேட்டீங்களா சார்?"

கேட்கவில்லை. கேட்கிற எண்ணமும் இல்லை. கழுவுகிறவர் இருக்கும்போது பட்டம் வாங்கியவர்களைப் போய் எப்படிக் கேட்பது?

அன்று மாலை ஆசிரியர் கூட்டத்தில் எண்முகி தன் முடிவை அறிவித்தார். மெய்க்கல் ஐயாவைக் கூப்பிடலாம், ஒரே நாளில் விஷயம் முடிந்துவிடும். எல்லாரும் நல்ல யோசனை என்றார்கள். ஒருவர் மட்டும் வாயைத் திறந்தார். அவரும் கெமிஸ்ட்ரி பேராசிரியைதான். எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்பதால் ஏன் மேடம் என்று பெயர். அறிவியல் துறையில் அது ஒரு கேலிப்பெயராக இருந்தது என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

"கல்லு எப்படி சார் திருடனைக் கண்டுபிடிக்கும்?"

"அதெல்லாம் நம்ம அறிவுக்கு அப்பாற்பட்டது மேடம்."

"நம்ம அறிவுன்னா? உங்களோடதா, என்னோடதா?"

எண்முகி அதைக் காதில் வாங்காத மாதிரி தொடர்ந்தார். "நான் சும்மா சொல்லலை. என் மச்சினி வீட்டுல வளையல் தொலைஞ்சப்ப ஐயாதான் கண்டுபிடிச்சுக் கொடுத்தார்."

"வளையல் கிடைச்சுதா?"

"வளையல் கிடைக்கலை. திருடன் கிடைச்சான்."

"எடுத்தேன்னு ஒத்துக்கிட்டானா?"

"அதான் இல்லை. கடைசி வரைக்கும் ஒத்துக்கலையே! அவ்வளவு கெட்டிக்காரத் திருடன்."

கரிம வேதியியல் பேராசிரியர் "அடேயப்பா" என்றார். இயற்பிய வேதியியல் பேராசிரியர் குடும்ப விஷயம் ஒன்றைக் கேட்க ஐயாவிடம் தனியாகக் கொஞ்ச நேரம் கிடைக்குமா என்று விசாரித்தார். ஏன் மேடம் பையை எடுத்துக்கொண்டு எழுந்துபோனார்.

குறித்த நாளில் ஐயா வந்தார். பின்னாலேயே அவருடைய மச்சான், கையில் ஒரு பாத்திரம், இரண்டு தோளிலும் ஒவ்வொரு துண்டு. லேபின் ஜன்னல்களில் மாணவர்கள் அப்பிக்கொண்டு நின்றார்கள். வாசலில் மற்ற துறைக்காரர்கள் நின்றார்கள். கல்லைச் சூடுகாட்ட ஓர் அடுப்பு வேண்டும் என்றார் ஐயா. துறையின் புது ஹாட் பிளேட்டை எடுத்து வந்து, ப்ளக் செருகி, சூட்டையும் திருகிக் கொடுத்தார் எண்முகி. ஐயா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்ல அடுப்பா இருக்கே, எங்க வாங்கினீங்க?" என்று கேட்டார்.

பிறகு இருவரும் துறைத்தலைவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். என்ன கேட்டிருப்பார், என்ன சொல்லியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

வெளியே வந்ததும் ஆரம்பித்தது. ஒவ்வொருவரும் மச்சான் நீட்டிய பாத்திரத் தண்ணீரில் கையைக் கழுவ வேண்டும், "மனசும் கையும் சுத்தமாகணும் பாருங்க." பிறகு அவர் தரும் துண்டில் துடைத்துக்கொண்டு கல்லைப் பிடிக்க வேண்டும். பேராசிரியர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். மச்சான் இடது தோளிலிருந்து துண்டை எடுத்துக் கொடுத்தார். "நான் எடுக்கலை." நீலம். "நான் எடுக்கலை." நீலம். வாழ்நாளில் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையைக்கூடத் தானே எழுதாத ஒருவர் "நான் யாருடையதையும் எடுத்ததே இல்லை" என்று கூடுதலாக ஒரு வரி சேர்த்துச் சொன்னார். கல் அப்போதும் நீலமாகவே இருந்தது. கல்லின் யோக்கியதையை அந்த இடத்திலேயே முடிவு கட்டியிருக்கலாம்.

கடைசியில் குழாயக்காவைக் கூப்பிட்டார்கள். அவர் குழாயடியிலிருந்து நேராக வந்தார். கையைப் பாத்திரத்தில் முக்கினார். மச்சானின் கை இந்த முறை வலது தோளுக்குப் போயிற்று. அந்தத் துண்டில் துடைத்துக்கொண்டு கல்லை வாங்கினார்.

"நான் எடுக்கலைங்க."

கல்லின் ஓரத்தில் முதலில் லேசான ஊதா படர்ந்தது. பிறகு உள்ளங்கை பட்ட இடமெல்லாம் ரோஜா நிறம். ஜன்னலில் "ஓ" என்று சத்தம் எழுந்தது. ஐயா கண்ணை மூடிக்கொண்டு பெருமூச்சு விட்டார்.

"சாமி சத்தியமா எடுக்கலை சார்! சோத்தைக்கூடக் கிளறிப் பாத்தீங்களே, இருந்துச்சா?" என்றார் குழாயக்கா.

"திருடிட்டுச் சத்தியம் வேறயா?" என்றார் எண்முகி, வாசல் வரைக்கும் கேட்கும்படி. "உன் நிரந்தர உத்தரவை நிறுத்தச் சொல்லி முதல்வருக்கு இப்பவே எழுதறேன். நாளையிலேருந்து வேலைக்கு வர வேண்டாம்."

ஜன்னலில் நின்ற கூட்டத்துக்குள்ளிருந்து "எங்கம்மா திருட மாட்டாங்க!" என்று ஒரு குரல் வந்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்ததும் அந்தப் பெண் முகத்தை மூடிக்கொண்டாள். அதுவரை அழாமல் நின்ற குழாயக்கா அதைக் கேட்டுத்தான் அழுதார். அந்த லேபில் அத்தனை படித்தவர்கள் நின்றுகொண்டு, ஒரு பெண்ணை அவர் பெற்ற பிள்ளையின் முன்னால் திருடி என்று சொன்னார்கள். இதை எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஏன் மேடம் முன்னால் வந்தார். குழாயக்காவின் கையிலிருந்த கல்லை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். வெள்ளைப் பொடி உதிர்ந்தது.

"சார், இது கல்லே இல்லை. சுண்ணாம்பு மாவைக் குழைச்சு உருட்டினது. அதுல கோபால்ட் குளோரைடு ஊறப்போட்டிருக்காங்க."

எண்முகி சிரித்தார்.

"கேளுங்க சார். தண்ணி இல்லாதப்ப கோபால்ட்டைச் சுத்திக் குளோரைடுங்க உக்காந்திருக்கு, நாலு பேரா. நான்முகி வடிவம், நீலம். ஈரம் பட்டா தண்ணி வந்து குளோரைடைத் தள்ளிட்டு ஆறு பேரா உக்காருது. எண்முகி வடிவம், ரோஸ். சுத்தி யாரு, எத்தனை பேருங்கறது மாறினா, கோபால்ட்டோட எலெக்ட்ரான் விழுங்கற ஒளி மாறுது. அது விழுங்காம விட்ட ஒளிதான் நமக்கு நிறம். சூடு காட்டினா தண்ணி போயிடும், மறுபடியும் நீலம். இது உங்க ஆராய்ச்சி சார். மூணாவது அத்தியாயம்."

"நாலாவது அத்தியாயம்" என்று திருத்தினார் எண்முகி. "நீங்க சொன்னது பெரும்பாலும் சரி. ஆனா நடுவுல ஊதா நிறத்துல ஒரு நிலை வரும், ரெண்டு தண்ணி மூலக்கூறு மட்டும் சேர்ந்தது. அதை விட்டுட்டீங்க. மாணவர்களுக்கு அரைகுறையா சொல்லிக்கொடுக்கக் கூடாது மேடம்."

"அந்த ஊதாவைத்தானே சார் இப்பக் கல்லோட ஓரத்துல எல்லாரும் பாத்தோம்!"

"அது கோபால்ட் குளோரைடு மேடம். இது மெய்க்கல்."

இதற்கு மேல் என்ன பேசுவது? பாடத்தில் ஒரு எழுத்து பிசகாமல் தெரியும். அந்தப் பாடம் எதிரே வந்து நின்று கைகொடுத்தால், நீ யாரப்பா என்று கேட்பார். மற்றவர்கள் கொட்டாவி விட்டார்கள். வாசலில் நின்ற வரலாற்றுப் பேராசிரியர் "எல்லாத்துக்கும் அறிவியலை இழுக்காதீங்க" என்று கெமிஸ்ட்ரி லேபுக்குள் நின்று அறிவுரை சொன்னார்.

பேச்சு வேலைக்கு ஆகாது என்று ஏன் மேடத்துக்குப் புரிந்துவிட்டது. நேரே மூலையில் இருந்த ஃப்ரிட்ஜுக்குப் போனார். 'இதில் குடிதண்ணீர் வைக்கக் கூடாது' என்று எண்முகி கையெழுத்தோடு ஒட்டியிருந்த தாளைத் தாண்டிக் கதவைத் திறந்து, உள்ளே இருந்த எண்முகியின் தண்ணீர் பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தார். பாட்டிலின் மேல் முத்து முத்தாக வியர்த்தது. கல்லை ஹாட் பிளேட்டில் சூடுகாட்டி, மறுபடி நீலமானதும் எடுத்து அதன் மேல் உருட்டினார்.

கல் சிவந்தது.

"பாட்டில்தான் கிண்ணத்தைத் திருடியிருக்கு" என்றார். ஜன்னலில் சிரிப்பு வெடித்தது.

ஐயா அசரவில்லை. இருபது ஊர்த் தண்ணீர் குடித்த ஆள். "பாட்டில் என்ன பண்ணும் மகளே? அது யார் கை பட்ட பாட்டிலோ, அவங்க பாவம் அதுல ஒட்டியிருக்கு."

"இது துறைத்தலைவரோட பாட்டில்."

ஐயா பாட்டிலை உற்றுப் பார்த்தார். "கழுவினது யாரு?"

"நான் கழுவறதே இல்லை, அந்தம்மாதான் கழுவும்" என்று முந்திக்கொண்டு சொன்னார் எண்முகி. கூட்டம் "ஆமா ஆமா" என்று தலையாட்டியது. குழாயக்காவின் பாவம் இப்போது பாட்டில் வரைக்கும் பரவிவிட்டது.

"சரி, யார் கையும் படாத ஒண்ணைக் காட்டறேன்" என்றார் ஏன் மேடம். மேல்தட்டில் டெசிக்கேட்டர் ஒன்று இருந்தது. சூடான பொருளை ஈரம் படாமல் ஆறவைக்கிற கனமான கண்ணாடி ஜாடி அது. இது பழுப்புக் கண்ணாடி, உள்ளே இருப்பது வெளியே தெரியாது. ஈரத்தை உறிஞ்சுவதற்காக அதன் அடியில் நீல மணிகளைப் போட்டு வைப்பார்கள். அந்த மணிகளுக்கு நீலம் கொடுப்பதும் இதே கோபால்ட்தான். நாலு மணியை எடுத்து ஆளுக்கொன்று ஈரக் கையில் கொடுத்தால் தீர்ந்தது என்பது அவருடைய கணக்கு. ஜாடியை இறக்கி மேசையில் வைத்து மூடியை நகர்த்தினார். கிரீஸ் இறுகிப்போயிருந்தது. இரண்டு கையாலும் பக்கவாட்டில் அழுத்தித் தள்ளினார். மூடி நகர்ந்தது.

உள்ளே பீங்கான் தட்டின் மேல், வெள்ளை வீழ்படிவோடு, பிளாட்டினக் கிண்ணம் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

சோதனையில் காய்ச்சிய கிண்ணத்தை டெசிக்கேட்டரில் ஆறவைத்துப் பிறகு எடை பார்க்க வேண்டும் என்பது முதலாம் ஆண்டுப் பாடம். எண்முகியின் கை பழக்கதோஷத்தில் சரியாகவே செய்திருந்தது. தலைதான் சாப்பாட்டுக்குப் போய்விட்டது. அத்தனை பேரும் ஒரு திருடன் ஒளித்துவைக்கக்கூடிய இடங்களில் எல்லாம் தேடினார்கள். ஒரு கெமிஸ்ட் வைக்கக்கூடிய இடத்தில் ஒருவரும் தேடவில்லை.

முதலில் சுதாரித்துக்கொண்டவர் ஐயாதான்.

"பாத்தீங்களா! பாத்தீங்களா கல்லோட மகிமையை! நான் கால் வச்சேன், காணாமப் போனது கண்ணு முன்னால வந்துருச்சு!"

நம்புவீர்களோ மாட்டீர்களோ, கை தட்டினார்கள். எண்முகிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "உண்மைதான். ஐயா வரலைன்னா இந்த ஜாடியை யாரு திறந்திருப்பாங்க?" என்றார்.

"அப்ப குழாயக்கா கையில கல்லு சிவந்ததே, அது?" என்று கேட்டார் ஏன் மேடம்.

"எடுக்கணும்னு மனசுல நெனச்சிருக்கும்" என்றார் ஐயா கூச்சமே இல்லாமல். "கல்லு மனசைப் பாக்கும்."

கிண்ணம் கிடைத்த பிறகும் குழாயக்காவின் திருடிப் பட்டம் போகவில்லை. எடுக்காத பொருளுக்கு ஒரு திருட்டு, நினைக்காத நினைப்புக்கு ஒரு திருட்டு.

ஏன் மேடம் குரலைத் தாழ்த்திப் பணிவாகக் கேட்டார். "ஐயா, நீங்களும் ஒரு தடவை பிடிச்சுக் காட்டுங்களேன். 'நான் யாரையும் ஏமாத்தலை'ன்னு சொன்னா போதும்."

"தாராளமா" என்றார் ஐயா. மாடியில் ஆயிரம் தடவை செய்த வித்தை. பாத்திரத்தில் கை கழுவினார். மச்சானின் இடது தோளை நோக்கிக் கையை நீட்டினார்.

அதற்குள் ஏன் மேடம் வலது தோளில் கிடந்த துண்டை உருவிக்கொண்டார். "இதுல துடைங்க. குழாயக்கா துடைச்ச துண்டு."

"அது வேண்டாம்."

"ஏன்?"

"அது... அழுக்கு."

"வெள்ளை வெளேர்னு இருக்கே. ஏன் வேண்டாம்?"

ஏன் மேடம் அந்தத் துண்டை இரண்டு கையாலும் பிடித்து முறுக்கினார். சொட சொடவென்று தண்ணீர் தரையில் கொட்டியது.

அவ்வளவுதான். நான்முகியும் எண்முகியும் ஏறாத மண்டைகளில் அந்தத் தண்ணீர் ஏறிவிட்டது. ஜன்னலில் நின்ற மாணவர்கள் விசில் அடித்தார்கள். ஏன் மேடம் நிறுத்தவில்லை. இடது தோள் துண்டை வாங்கிக் குழாயக்காவிடம் கொடுத்து நன்றாகத் துடைக்கச் சொன்னார். சூடுகாட்டிய கல்லை அவர் கையில் வைத்தார். நீலம். வைத்துக்கொண்டே இருந்தார், நீலம்தான். பிறகு ஈரத் துண்டை எண்முகியிடம் நீட்டினார்.

"நீங்க துடைச்சிட்டுப் பிடிங்க சார். 'நான் இந்தத் துறையோட தலைவர்'னு சொல்லுங்க. உண்மைதானே?"

அத்தனை பேர் பார்க்கும்போது மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. எண்முகி துடைத்தார், பிடித்தார், சொன்னார். கல் செக்கச் சிவந்தது. இதில் மட்டும் கல் உண்மையைத்தான் சொல்லுதோ என்று ஒரு மாணவன் சந்தேகம் கேட்டான்.

ஐயா கல்லைக்கூட எடுக்காமல் வாசலைப் பார்த்து நடந்தார். மச்சான் மாட்டிக்கொண்டார். இந்தக் கோபால்ட் மருந்து எங்கே வாங்கினீர்கள் என்று ஏன் மேடம் கேட்டதற்கு, "பள்ளிக்கூடச் சாமான் விக்கிற கடையிலதாங்க. ஒரு பாட்டில் வாங்கினா வருஷம் பூரா வரும்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, பாத்திரத்தை விட்டுவிட்டு ஓடினார்.

கூட்டம் கலைந்த நேரத்தில் எண்முகி குழாயக்காவின் பக்கத்தில் போய், "என் ரூமுக்கு வாம்மா, கொஞ்சம் பேசணும்" என்று முணுமுணுத்தார்.

"திருடின்னு இங்க நின்னுதானே சார் சொன்னீங்க" என்றார் குழாயக்கா. "இங்கயே பேசுங்க."

எண்முகி சுற்றுமுற்றும் பார்த்தார். மாணவர்கள் ஜன்னலை விட்டு இறங்கவில்லை. ஏன் மேடம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வேறு வழியில்லாமல், "தப்பு என்னோடதுதான். கிண்ணத்தை வச்சது நான்தான். மன்னிச்சிருங்கம்மா" என்றார். அதுவரை ஒருமையில் விளித்தவருக்குத் திடீரென்று மரியாதை வந்துவிட்டது.

"கழுவறதுக்கு எங்கிட்ட வரலைன்னு அன்னைக்கே சொன்னேன் சார். கழுவறவ கை ஈரமா இருக்காதா? கல்லைக் கேட்டீங்க. என்னைக் கேக்கலையே" என்றார் குழாயக்கா. சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளைப் பார்க்க வெளியே போனார். அவருடைய நிரந்தர உத்தரவில் கையெழுத்து வாங்க, ஏன் மேடம் அன்றே எண்முகியை முதல்வர் அறைக்குத் தன் முன்னால் நடக்கவிட்டுக் கூட்டிப்போனார்.

மெத்தைக் கடை மாடியில் இப்போது பூட்டுத் தொங்குகிறது. வேலை போன அந்தச் சிப்பந்தியையும், கல்யாணம் நின்ற அந்தப் பெண்ணையும் தேடிப்போய், நாங்கள் தப்பு செய்துவிட்டோம் என்று யாராவது சொன்னார்களா என்று விசாரித்தேன். யாரும் போகவில்லை. புல்லரித்தவர்களுக்கு வெட்கப்பட நேரம் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

உங்கள் வீட்டிலும் ஏதாவது காணாமல் போகும். அப்போது மாடிப்படி ஏறுவதற்கு முன்னால், கடைசியாக அதை யார் எங்கே வைத்தார்கள் என்று கொஞ்சம் உட்கார்ந்து யோசியுங்கள். யோசிப்பதற்குக் கட்டணம் கிடையாது. அதனால்தானோ என்னவோ, அதற்கு இந்த ஊரில் வரிசையும் கிடையாது.